வேன் அடுக்களை மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பாத்திரத்தை மாற்றுங்கள்

ஆம்னியோ ஈகோவோ டிராவலரோ, எந்த வண்டியில் படுக்கையும் அடுப்பும் வைத்துக் கிளம்பினாலும் முதல் புகார் அடுக்களையிலிருந்துதான் வரும். சத்தம் போடுகிறது, அடி பிடிக்கிறது, கழுவ முடியவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் "இடம் பத்தலைப்பா" என்று ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறோம். இடம் கம்மிதான், அதை மாற்ற முடியாது. ஆனால் இந்தப் புகார்களில் பெரும்பாலானவை பாத்திரத்தின் வடிவத்தாலும் அடித்தகட்டாலும் வருபவை. வீட்டில் மிஞ்சியதை அள்ளிப் போட்டுக்கொண்டு போனால் ஒரு விதமாகப் படுத்தும். ஆன்லைனில் 'கேம்பிங் செட்' என்று வருகிற மெல்லிய கிண்ணங்களை வாங்கினால் வேறு விதமாகப் படுத்தும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேனுக்குக் கைப்பிடி இல்லாத அடுக்குப் பாத்திரமும் நல்ல இடுக்கி ஒன்றும்தான் சரி. இரண்டையும் தேடி எங்கும் போக வேண்டாம். சென்னையில் பாரிமுனை, சவுகார்பேட்டை பக்கத்துப் பாத்திரக் கடைகளில் எடை போட்டுக் கொடுப்பார்கள்.

கடைக்குப் போகும் முன் மூன்று அளவுகளைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள்: அடுப்புக் கம்பிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி, அலமாரித் தட்டின் உயரம், கழுவும் தொட்டியின் உட்புற அகலம். தொட்டிக்குள் இறங்காத பாத்திரத்தை நடுரோட்டில் வைத்துத்தான் தேய்க்க வேண்டியிருக்கும்.

வாங்கி அடுக்கியதும் நேராக நீண்ட பயணம் கிளம்பாதீர்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் திருவொற்றியூர் தாண்டி ஒரு நடை போய் வாருங்கள். கன்டெய்னர் லாரிகள் பதம்பார்த்த ரோடு. உங்கள் அலமாரியில் என்ன குறை இருந்தாலும் அங்கேயே சொல்லிவிடும். அதன் பிறகு கீழே உள்ளவற்றில் எது உங்கள் குறை என்று பாருங்கள்.

"அடுப்புல கேன் இருக்கற பக்கம் சுடுது"

மற்ற எதையும் படிக்கும் முன் இதைச் சரிபாருங்கள். பக்கவாட்டில் பியூட்டேன் கேனைச் செருகும் பெட்டி அடுப்புதான் வேன்காரர்கள் பலரிடமும் இருக்கிறது. அதில் பர்னருக்கு அடுத்தாற்போலவே கேன் அறை. வீட்டுத் தோசைக்கல்லையோ அகலமான தேக்சாவையோ அதன் மேல் ஏற்றினால் ஓரம் கேன் அறைக்கு மேல் நீண்டு, சூட்டை நேராகக் கேன் மேல் இறக்கும். கேனுக்குள் அழுத்தம் ஏறும். வெடிக்கும் அளவுக்குப் போகக்கூடிய கோளாறு இது. அழுத்தம் கூடினால் கேனைத் தானாக விடுவிக்கும் வசதி சில அடுப்புகளில் உண்டு என்றாலும், அதை நம்பிச் சமைக்கக் கூடாது.

உடனே செய்ய வேண்டியது: அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, கேனைத் தொடாமல் ஆறவிடுவது. நிரந்தரமாகச் செய்ய வேண்டியது: சின்னக் கல் வாங்குவது. ஓர் அட்டையைக் கல்லின் அளவுக்கு வட்டமாக வெட்டி அடுப்பின் மேல் வைத்துப் பாருங்கள். கேன் அறையின் மூடி மேல் அட்டை ஏறினால் அந்த அளவு வேண்டாம். தோசை சின்னதாக வரும், இரண்டு கூடுதலாகச் சுட்டுக்கொள்ளலாம். இரண்டு அடுப்புகளை ஒட்டி வைத்து மேலே ஒரே பெரிய பாத்திரத்தை ஏற்றுவது, காற்றைத் தடுக்கிறேன் என்று தகரத்தை அடுப்போடு ஒட்டிச் சுற்றுவது, இரண்டிலும் இதே ஆபத்துதான்.

"சமைச்சா தலை கனக்குது, பாத்திர அடியெல்லாம் கரி"

இதில் பாத்திரத்தின் பங்கு கொஞ்சம், காற்றின் பங்கு அதிகம். சுடர் மஞ்சளாக எரிகிறது என்றால் கேஸ் முழுசாக எரியவில்லை. பர்னர் ஓட்டைகளைச் சுத்தம் செய்யுங்கள், பாத்திரத்தின் அடி சுடரை அமுக்கிக்கொண்டு உட்காராத மாதிரி கம்பியின் உயரத்தைப் பாருங்கள். கதவையும் எதிர்ப்பக்கக் கண்ணாடியையும் திறக்காமல் வேனுக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலிதான் முதல் எச்சரிக்கை. கசியும் சமையல் கேஸுக்கு வாசனை உண்டு, ஆனால் அது காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கி நிற்கும். மேல் ஜன்னலை மட்டும் திறந்தால் அது வெளியேறாது.

"வண்டி ஓடினா கடகடன்னு ஒரே சத்தம்"

இரும்பில் இரும்பு படுகிறது, அவ்வளவுதான். எது எதில் படுகிறது என்று கண்டுபிடிக்க ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி மூடிதான். பாத்திரத்தின் மேல் சும்மா கவிழ்த்த மூடி ஒவ்வொரு குழிக்கும் துள்ளும்.

மூடிகளைப் பாத்திரத்திலிருந்து பிரித்து, பழைய வேட்டித் துணியால் ஒன்றுக்கொன்று இடைவெளி கொடுத்து, நெட்டுக்குத்தாக நிறுத்தி வையுங்கள். அதற்குக் குமிழ் இல்லாத தட்டை மூடிகள்தான் தோது. கரண்டி, கத்தி, சல்லடை எல்லாவற்றையும் ஒரு துணியில் உருட்டிக் கட்டிவிட்டால் டிராயரே தேவையில்லை. அடுக்கின் நடுவில் இருக்கிற காலி இடத்தில் பருப்புப் பொட்டலத்தையும் அரிசிப் பையையும் திணித்துவிடுங்கள். நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே அப்படியே பொருந்தும். சத்தமும் போகும், மளிகைக்கென்று தனி இடமும் வேண்டாம். நான்ஸ்டிக் சட்டியை அடுக்குக்குள் சொருகுவதாக இருந்தால் துணி கட்டாயம், இல்லாவிட்டால் எண்ணூர் தாண்டுவதற்குள் பூச்சில் கோடு விழும்.

"பாத்திரம் அடுப்பு மேல ஆடுது"

டவராவும் சின்னக் காபிப் பாத்திரமும் கம்பிகளின் இடைவெளிக்குள் சரிகின்றனவா, அல்லது பெரிய பாத்திரம் ஒருபக்கம் சாய்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். முதலாவதுக்குக் குறுக்குக் கம்பி வலைத்தட்டு ஒன்றை அடுப்பின் மேல் போட்டால் போதும். இரண்டாவதில் பிழை பெரும்பாலும் உருண்டை அடி. வாணலியும் இரும்புச் சட்டியும் வீட்டு அடுப்பின் கனமான கம்பியில் நிற்கும், வேன் அடுப்பின் மெல்லிய கம்பியில் நிற்காது. அடி தட்டையான வாணலிகள் கடையில் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

நீளக் கைப்பிடியும் சாய்க்கும். சட்டி காலியாக இருக்கும்போது கைப்பிடியின் கனமே அதைத் தன் பக்கம் இழுக்கும். கடையிலேயே தரையில் வைத்துப் பாருங்கள். காலிச் சட்டியின் அடி ஒருபக்கம் தூக்கினால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வண்டி நிற்கும் தரை சரிவாக இருந்தாலும் ஆடும். பாதி நிரம்பிய தட்டில் தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்து, அந்தப் பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுங்கள். ஓடும் வண்டியில் சமைப்பது பற்றி நான் எழுதப் போவதில்லை, செய்யவே கூடாத காரியம்.

"அலமாரிக் கதவு மூட மாட்டேங்குது"

இதுதான் எல்லாரையும் புதுப் பெட்டி செய்ய ஆசாரியிடம் ஓட வைக்கிறது. பெட்டி செய்யும் முன் அலமாரியைக் காலி செய்து, ஒவ்வொரு பாத்திரமும் எதனால் இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். வட்டமான உடல் அடைப்பது கம்மி. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி, மேலே நிற்கும் மூடிக் குமிழ், குக்கரின் நீள வால், இவைதான் கதவைத் தள்ளுகின்றன.

தீர்வு நம் பாட்டிமார்களின் அடுக்களையிலேயே இருக்கிறது. விளிம்பு வெளியே மடிந்த, கைப்பிடியே இல்லாத குண்டான்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் அடுக்கு. தூக்குவதற்கு ஒரே இடுக்கி. மூன்று பாத்திரங்களுக்கு ஆறு கைப்பிடிகள் தேவைப்படும் இடத்தில் ஓர் இடுக்கி போதும் என்கிற கணக்குதான் வெளிநாட்டுக் கழற்றி மாட்டும் கைப்பிடி செட்டுகளிலும் இருக்கிறது. அவை மோசமில்லை, ஆனால் அந்தக் கைப்பிடியின் பிடிப்பு தளர்ந்தால் அதே கம்பெனியிடம்தான் போக வேண்டும். இடுக்கி எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பாத்திரத்தின் விளிம்பு இடுக்கிக்குப் பிடி கொடுக்கும் அளவுக்கு மடிந்திருக்க வேண்டும். விளிம்பில்லாத நேர்ச்சுவர்ப் பாத்திரத்தில் இடுக்கி வழுக்கும். கடையிலேயே பாத்திரத்தில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தரச்சொல்லி, இடுக்கியால் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். மணிக்கட்டு வலு குறைந்தவர்கள், வயதானவர்கள் கூட வருகிறார்கள் என்றால் பெரிய பாத்திரத்துக்கு மட்டும் இருபக்கமும் குட்டிக் காதுகள் வைத்ததாக வாங்குங்கள். குழம்பு கொதிக்கும் பாத்திரத்தில் இடம் மிச்சம் பிடிப்பதற்காகக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

அளவில் இருவருக்கு 1, 1.5, 2.5 லிட்டர் என்கிற மாதிரி மூன்று போதும். நான்கு பேர் என்றால் பெரியதை மட்டும் ஓர் அளவு ஏற்றுங்கள். அடுத்தடுத்த அளவில் எல்லாவற்றையும் வாங்கி வைத்தால் அழகாக அடங்கும், ஆனால் பாதியைத் தொடவே மாட்டீர்கள். மூடிக்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள். சாப்பிடும் தட்டே பெரிய குண்டானுக்கு மூடியாகும்படி விட்டத்தைப் பார்த்து வாங்கினால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

"பால் காய்வதற்குள்ள அடிப்பிடிக்குது, உப்புமா நடுவுல கருகுது"

இதற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் இல்லை, தகடு. எவர்சில்வர் சூட்டைப் பக்கவாட்டில் கடத்துவதில் மிகவும் மந்தம். அலுமினியம் அதைவிட 10 மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். வீட்டு அடுப்பின் அகலமான சுடர் இந்தக் குறையை மறைத்துவிடுகிறது. வேனின் குட்டி அடுப்பில் சுடர் ஒரு ரூபாய் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிய அளவுக்குத்தான் குவிகிறது. அந்த வட்டத்துக்கு மேல் இருக்கும் பால் கருகும்போது ஓரத்துப் பால் வெதுவெதுப்பாகவே இருக்கும். மலையேறுபவர்கள் விரும்பும் டைட்டானியம் பாத்திரமும் இதில் உதவாது. எடை குறைவு என்பதற்காகத் தகட்டை மிக மெல்லிசாக அடித்திருப்பார்கள். வெந்நீர் வைக்க நல்லது, ரவை கிளற உருப்படாது.

என்ன வாங்கலாம்? நடுவில் அலுமினியம் வைத்து இருபக்கமும் எவர்சில்வர் போர்த்திய ட்ரை-ப்ளை முதல் தேர்வு. விலை கூட, ஆனால் அதில் ஒரே ஒரு பாத்திரம் இருந்தால் பால், பாயசம், உப்புமா, கிரேவி எல்லாம் அதிலேயே முடியும். அடியில் மட்டும் கனத் தகடு ஒட்டிய சாண்ட்விச் அடிப் பாத்திரம் அடுத்த தேர்வு. அதில் சுடர் அடியைத் தாண்டிப் பக்கச்சுவரில் ஏறினால் சுவர்தான் கருகும், அதனால் தீயைக் குறைத்தே வைக்க வேண்டும். சாதா எவர்சில்வர்தான் வாங்குவேன் என்றால் கேஜைக் கேளுங்கள். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெல்லிசு. 22 கேஜ் என்பது சுமார் 0.7 மில்லிமீட்டர், 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர். அடுப்பில் ஏற்றுவதற்கு எண் குறைந்ததாக, பொருள் போட்டு வைப்பதற்கு எண் கூடியதாக எடுங்கள்.

ஆனோடைஸ் செய்த, அதாவது மேலே கெட்டியான ஆக்சைடு பூச்சு ஏற்றிய கறுப்பு அலுமினியம் இலேசானது, சூட்டைச் சீராகப் பரப்பும், புளிக்கும் அசையாது. சாம்பலும் சோடாவும் போட்டுத் தேய்த்தால் மட்டும் அந்தப் பூச்சு போய்விடும். பூச்சில்லாத வெள்ளை அலுமினியத்தில் சோறு வடிக்கலாம், புளிக்குழம்பும் தக்காளி ரசமும் வேண்டாம்.

நான்ஸ்டிக் பற்றி ஒன்று. அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். காலிச் சட்டியை முழுத் தீயில் விட்டுவிட்டு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சூடு சில நிமிடங்களில் வந்துவிடும், அந்தப் புகை அடங்க வேனில் இடமும் கிடையாது. தோசைக்கு நன்றாகப் பழகிய சின்ன இரும்புக் கல்லே மேல். கனம்தான், ஆனால் ஒன்றுதானே.

இன்னொரு எச்சரிக்கை ஈயச்சொம்புக்காரர்களுக்கு. ரசம் மணக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். வீட்டிலேயே தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுகிறோம். வேனில் யாராவது கூப்பிட்டார்கள் என்று திரும்புவதற்குள் தண்ணீர் வற்றினால் சொம்பு அடுப்பிலேயே வழிந்துவிடும். அதை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

"ரெண்டு நாள்ல கேஸ் காலி, மலைக்குப் போனா சோறே வேகலை"

இரண்டு புகார்களுக்கும் மருந்து ஒன்றே, அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 80 வாட்-மணி ஆற்றல் போதும். கொதித்த பிறகு அதே தண்ணீரை ஆவியாக்கி விரட்ட அதைப்போல் 7 மடங்குக்கு மேல் தேவை. மூடி இல்லாமல் தளதளவென்று கொதிக்கவிட்டால் கேஸின் பெரும்பகுதி ஆவியாகித்தான் போகிறது. அந்த ஆவி வேன் கூரையில் படிந்து ராத்திரி படுக்கையில் சொட்டுகிறது, அது தனிக் கதை. அதனால் மூடி பொருந்தாத பாத்திரம் வேனுக்கு ஆகாது.

அடுத்தது உயரம். ஏலகிரியில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலும், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் சுமார் 93 டிகிரியிலும் கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. பருப்பு கல்லாகவே இருக்கும். குக்கருக்குள் கடல்மட்டத்தில் 120 டிகிரி வரை போகும், ஊட்டியிலும் 115-க்குப் பக்கத்தில் நிற்கும். ஆக, எதைக் குறைத்தாலும் குக்கரைக் குறைக்காதீர்கள்.

எந்தக் குக்கர்? இருவருக்கு 2 லிட்டர், நான்கு பேருக்கு 3 லிட்டர். வேனுக்கு 5 லிட்டர் எடுப்பவர்கள் விருந்து வைக்கும் கனவில் எடுக்கிறார்கள். மூடி உள்ளே போய் மாட்டும் வகையா, வெளியே மாட்டும் வகையா என்பதில் வெளிமூடிதான் என் சிபாரிசு. உள்மூடிக் குக்கரின் வாய் குறுகி வளைந்திருக்கும், அதற்குள் அடுக்குப் பாத்திரம் இறங்காது, அதன் மேல் வேறு மூடியும் உட்காராது. வெளிமூடிக் குக்கரின் உடல் நேரான வாயோடு இருப்பதால் அடுக்கின் கடைசிப் பாத்திரமாக அதையே வைத்துக்கொள்ளலாம், மற்ற நேரத்தில் தட்டால் மூடிச் சாதாரணக் குண்டானாகப் பயன்படுத்தலாம். ஒரே மூடிக்கு 2, 3 லிட்டர் என்று இரண்டு உடல்கள் வரும் செட்டும் கிடைக்கிறது, குடும்பமாகப் போகிறவர்களுக்கு அது லாபம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். குக்கருக்கு அது கட்டாயம்.

சமைக்கும் முறையையும் கொஞ்சம் மாற்றுங்கள். அரிசியை அரை மணி ஊறவைத்து, அடியில் பருப்பு, மேல் கிண்ணத்தில் சோறு என்று ஒரே ஏற்றத்தில் முடித்துவிடுங்கள். குக்கரில் எதுவானாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், உப்புகிற சோறோ நுரைக்கிற பருப்போ என்றால் பாதிக்கு மேலும் போகக் கூடாது. விசில் வந்ததும் அணைத்து, அழுத்தம் தானாக இறங்கும்வரை போர்வையில் பொதிந்து வைத்தால் மீதி வேலையை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். வெயிட்டைக் கழற்றிக் கரண்டித் துணியில் முடிந்து வையுங்கள். ஓடும் வண்டியில் சீட்டுக்கு அடியில் உருண்டு போகிற முதல் சாமான் அதுதான்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் போய் விடியற்காலை அடுப்பு மூட்டி, சுடர் சோம்பலாக எரிந்தால் பாத்திரத்தைக் குறை சொல்லாதீர்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாகவே மறுக்கும். கேனை ராத்திரி போர்வைக்குள் வைத்திருந்து எடுங்கள். அடுப்பில் காட்டியோ வெந்நீரில் போட்டோ சூடாக்கக் கூடாது.

"இண்டக்‌ஷன் பீப் அடிக்குது, இன்வெர்ட்டர் அணைஞ்சிடுது"

பீப் என்றால் அடுப்புக்குப் பாத்திரம் தெரியவில்லை. அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அது எடுக்காது. நல்ல 304 வகை எவர்சில்வரிலேயே காந்தம் ஒட்டாது, அதனால் 'காந்தம் ஒட்டலைன்னா டூப்ளிகேட்' என்பதும் 'ஒட்டினா டூப்ளிகேட்' என்பதும் இரண்டுமே அரைகுறை. இண்டக்‌ஷனுக்காகவே காந்தம் ஒட்டும் 430 வகைத் தகட்டை அடியில் வைத்துச் செய்வார்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் குட்டிக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், அடியில் மட்டும் சோதியுங்கள். காந்தம் ஒட்டியும் பீப் அடித்தால் அடி சின்னது. சுமார் 12 செ.மீ.க்குக் குறைந்த அடியைப் பல அடுப்புகள் கண்டுகொள்ளாது.

இன்வெர்ட்டர் அணைவது வேறு கணக்கு. 1,200 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பேட்டரி அந்த இழுப்பில் அரை மணியைத் தாண்டுவதே கஷ்டம். 400 வாட்டில் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மலிவான அடுப்புகள் பல, முழு வாட்டில் எரிந்து அணைந்து எரிந்து அணைந்துதான் சராசரியை 400-க்குக் கொண்டுவருகின்றன. வேனில் கேஸை முதன்மையாக வைத்துக்கொண்டு, கரண்ட் கிடைக்கும் இடத்தில் மட்டும் இண்டக்‌ஷன் என்பதே நடைமுறை.

"எவர்சில்வர்ல செம்புள்ளி வருது"

கடலோரக்காரர்களுக்கு இது புதிதல்ல. திருவொற்றியூரில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 வகைத் தகடு விலை மலிவு, உப்பைத் தாங்கும் சக்தியும் மலிவு. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கொண்ட 304 தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் மின்னும், காந்தத்திலும் வித்தியாசம் தெரியாது. அடியில் பொறித்திருக்கும் எண்ணையும் முத்திரையையும்தான் பார்க்க வேண்டும்.

புள்ளி வந்துவிட்டதா? எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவித் துடைத்து, ஈரம் இல்லாமல் வையுங்கள். கம்பி நாரை வேனில் ஏற்றவே வேண்டாம், அதன் இரும்புத் துகள் தகட்டில் சிக்கி, துருவைத் தானே தொடங்கிவைக்கும். தேங்காய் நார் போதும். பச்சைத் தண்ணீரில் உப்பைப் போட்டு அடியில் தேங்கவிட்டாலும் குழிப்புள்ளி விழும், கொதித்த பிறகு உப்பைப் போடுங்கள்.

"மீன் குழம்பு வெச்சதுல இருந்து எல்லாமே நாறுது"

காசிமேட்டில் சங்கராவோ நெத்திலியோ வாங்கிப் போட்டுக்கொண்டு பழவேற்காடு பக்கம் கிளம்புகிறவர்கள் இந்தத் தொல்லையைத் தாங்களாகவே வாங்கிக்கொள்கிறார்கள், ஆனாலும் யார் விடப் போகிறார்கள்? வாடை தங்குவது உலோகத்தில் இல்லை. குக்கர் ரப்பர், பிளாஸ்டிக் டப்பா, மடித்து வைக்கும் சிலிகான் கிண்ணம், மரக்கரண்டி, இவற்றில்தான். மடிக்கிற சிலிகான் பாத்திரங்கள் இடம் மிச்சம் என்று ஆசை காட்டும். குழம்புக்கு அவை ஆகாது. புளியும் மிளகாயும் கறையாகத் தங்கும், மறுநாள் பாலில் மீன் வாசம் வரும்.

மீனுக்கு எவர்சில்வர் அல்லது ஆனோடைஸ் பாத்திரம், எவர்சில்வர் கரண்டி. மண்சட்டி ருசிக்கு ஈடில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது உடையும், குழம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஒரு மூடிய வண்டியில் அந்த வாசத்தோடு தூங்க வேண்டும். கல்சட்டி சூட்டைப் பிடித்து வைப்பதில் ராஜா, கனத்திலும் ராஜா, விழுந்தால் இரண்டு துண்டு. மீனை வேனுக்கு வெளியே சமைக்க ஒரு சின்ன மடக்கு மேஜை இருந்தால் இந்தப் பகுதியே உங்களுக்குத் தேவையில்லை.

"தட்டுல இருந்து ரசம் மடிக்கு வருது"

வேனில் முக்கால்வாசிச் சாப்பாடு மடியில் வைத்தோ நின்றுகொண்டோதான். ஓரம் தாழ்ந்த அகலத் தட்டு அதற்குத் தோதில்லை. பாரிமுனையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகளில் வாழைத்தண்டு சூப்பைக் கிண்ணத்தில் வாங்கி நின்றபடியே குடிக்கிறோமே, அதே மாதிரி ஆழமான, அடி அகன்ற கிண்ணம் ஆளுக்கொன்று வேண்டும். கூடவே ஓரம் இரண்டு விரல் உயர்ந்த தட்டு ஒன்று. குழித்தட்டு பார்க்க வசதி, ஆனால் அடுக்கினால் இடத்தைத் தின்னும், பாத்திரத்துக்கு மூடியாகவும் ஆகாது.

எவர்சில்வர் தட்டு சுடும், அது ஒன்றுதான் குறை. மடியில் துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். மெலமைன் சுடாது, இலேசு, ஆனால் கொதிக்கக் கொதிக்க எண்ணெயில் எடுத்ததை அதில் கொட்டக் கூடாது, அடுப்பருகே வைக்கவும் கூடாது. எனாமல் தட்டு அழகு, குலுங்கலில் ஓரம் பெயர்ந்து அங்கே துருப்பிடிக்கும். கண்ணாடி, பீங்கான் பற்றிப் பேசவே வேண்டாம்.

பாக்குமட்டைத் தட்டை அவசரத்துக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும் பிளாஸ்டிக் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, அவற்றை வாங்கிக் குவிக்காதீர்கள். டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்டால் உள் டம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் நிறுத்தினால் விட்டுவிடும். அடுக்கும்போதே நடுவில் ஒரு துண்டுத் தாள் வைத்தால் இந்த வித்தையே வேண்டாம்.

"கழுவத் தண்ணி பத்தலை"

லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் நம்முடையது. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வேனில் ஏறியதும் மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான். 20 லிட்டர் கேனில் குடிக்கவும் சமைக்கவும் போக மீதிதான் பாத்திரத்துக்கு.

முதலில் பாத்திரத்தையே பாருங்கள். உள்மூலை கூர்மையாக இருந்தால், ரிவெட் ஆணி உள்ளே துருத்தினால், விளிம்பு மடிப்புக்குள் இடுக்கு இருந்தால் அங்கே தங்கும் பிசுக்கை எடுக்கத்தான் தண்ணீர் செலவாகிறது. வளைந்த உள்மூலை, வழவழப்பான சுவர், ஆணி இல்லாத உடல் என்று பார்த்து எடுங்கள். கைப்பிடி இல்லாத குண்டானுக்கு இங்கே இன்னொரு மதிப்பெண்.

கழுவும் முன் வழித்துத் துடையுங்கள். இலையோ பழைய செய்தித்தாளோ எண்ணெயைப் பெரும்பாலும் எடுத்துவிடும். சோறு வடித்த கஞ்சியைக் குழம்புப் பாத்திரத்தில் ஊற்றி ஊறவையுங்கள். பிறகு டம்ளர், தட்டு, குழம்புப் பாத்திரம் என்ற வரிசையில் ஒரே தண்ணீரைக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள், கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் அலசினால் போதும். அந்த அழுக்குத் தண்ணீரைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வராதீர்கள், அது பறவைகள் சரணாலயம். மூடியுள்ள பக்கெட்டில் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்து ஊற்றுங்கள்.

"ஒண்ணை எடுக்க மூணை இறக்க வேண்டியிருக்கு"

பாத்திரம் அதிகம். திரும்பி வந்ததும் கழுவி அடுக்கும்போது, இந்தப் பயணத்தில் ஈரமே படாதவற்றைத் தனியாக எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். டிபன் கேரியரை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். திருப்பதிக்கும் மேல்மருவத்தூருக்கும் வேன் கட்டிக்கொண்டு போனவர்கள் புளிசாதத்தோடு கிளம்பியது காரணமில்லாமல் இல்லை. முதல் நாள் சாப்பாடு வீட்டிலிருந்தே வந்துவிட்டால் அன்றைக்கு அடுப்பும் வேண்டாம், கழுவும் தண்ணீரும் மிச்சம். காலியான கேரியரின் நான்கு அடுக்குகளும் மறுநாளிலிருந்து பருப்புக்கும் பொடிக்கும் டப்பாவாகிவிடும், கிளிப் போட்டால் சத்தமும் இருக்காது.